ஒரே டப்பா மண்ணு, காலைல 9 கிலோ, மதியம் 24 கிலோ: ஓல்சன் பாஸ்பரஸ் பண்றவங்க யாராவது காப்பாத்துங்க

வெண்ணாத்தங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். பதிவு நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க. லேப்ல பேச ஆள் இல்ல, வீட்ல சொன்னா "மண்ணுதானே, அதுல என்னடி இவ்ளோ"ங்கறாங்க.

நான் மன்னார்குடி பக்கம் ஒரு காலேஜ்ல பிஹெச்டி. சம்பா அறுத்து முடிச்ச வயல்லேர்ந்து மண்ணு எடுத்து, அதுல பயிருக்குக் கெடைக்கக்கூடிய பாஸ்பரஸ் எவ்ளோன்னு பாக்கறதுதான் என் வேலைல பாதி. முறை ஓல்சன் முறை, 1954லேர்ந்து இருக்கு, புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல நான். 2.5 கிராம் மண்ணு, பிஹெச் 8.5ல 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட் 50 மில்லி, ஒரு சிட்டிகை ஆக்டிவேட்டட் கரி, அரை மணி நேரம் ஷேக்கர்ல ஆட்டி வடிகட்டி, அதுல 5 மில்லி எடுத்து 25 மில்லி பிளாஸ்க்ல விட்டு, ஆசிட் சொட்டு சொட்டா விட்டு நுரை அடங்கினதும் மாலிப்டேட் அஸ்கார்பிக் ஆசிட் கலவை, நீலம் வரும், கலரிமீட்டர்ல (நிறம் எவ்ளோ அடர்த்தின்னு அளக்கற மெஷின்) 660 நானோமீட்டர் ஃபில்டர் போட்டு ரீடிங். அவ்ளோதான். எம்எஸ்சி பசங்க பிராக்டிகல்ல பண்றது.

இப்ப கதைய கேளுங்க. ஒரே டப்பா மண்ணு. காலைல பண்ணா ஹெக்டேருக்கு 9 கிலோ வருது. சாப்ட்டு வந்து அதே டப்பாலேர்ந்து எடுத்துப் பண்ணா 24. மறுநாள் 16. நம்ம அட்டவணைல 11க்கு கீழ இருந்தா குறைவு, 22க்கு மேல போனா அதிகம், அப்போ இந்த வயலுக்கு டிஏபி உரம் போடணுமா வேணாமான்னு கேட்டா காலைல ஒரு பதில் மதியம் ஒரு பதிலா சொல்றது? மண்ணு எடுக்க விட்டவரு வேற ஃபோன் பண்ணி "என்னம்மா என் வயலு பாஸா ஃபெயிலா"ன்னு கேக்கறாரு.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா பிளாங்க். மண்ணே போடாம மத்த எல்லாத்தையும் போட்டு ஆட்டி வடிகட்டினா அதுலயும் நீலம் வருது. ஒரு நாள் கண்ணுக்கே தெரியற அளவுக்கு, ஒரு நாள் சுத்தமா இல்ல. அது ஒரே அளவா வந்தாலாவது கழிச்சுக்கலாம்.

மாலிப்டேட் மாத்தியாச்சு, ஃபில்டர் பேப்பர் மாத்தியாச்சு, டிஸ்டில்டு வாட்டர் பக்கத்து டிபார்ட்மெண்ட்ல கெஞ்சி வாங்கிப் போட்டும் பாத்தாச்சு. ஒரு நாள் எல்லாமே புதுசு, சூப்பரா வந்துச்சு, குதிச்சேன். அடுத்த நாள் அதே புதுசு, அதே ஆளு, மறுபடி பழைய குருடி கதவைத் திறடி. நடுவுல கரண்ட் போயிடும், ஷேக்கர் நின்னுடும், எவ்ளோ நேரம் ஆடிச்சுன்னு யாருக்குத் தெரியும்.

கைட் கிட்ட போனா "உனக்கு கை சரியில்லம்மா"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாரு. எனக்கு முன்னாடி இருந்த சீனியர் தீசிஸ்ல ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதான் ரீடிங் ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ சிதறுதுங்கற கணக்கு, எல்லாம் 0.2, 0.3ன்னு இருக்கு. அதே ஷேக்கர், அதே கலரிமீட்டர். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, ஆனா அத இங்க எழுத வேணாம்.

எங்கேர்ந்து தொடங்கறதுன்னே தெரியல. சொல்லுங்க ப்ளீஸ்.


குடவாசல்காரன்:

முதல்ல சின்ன சின்ன சந்தேகத்த தீர்த்துடுவோம். நீங்க சொல்ற கிலோ பாஸ்பரஸா, இல்ல உரக் கணக்குல எழுதற பாஸ்பரஸ் ஆக்சைடு, பி2ஓ5ஆ? ரெண்டுக்கும் நடுவுல 2.29 மடங்கு இருக்கு. ஒரு எக்செல் ஷீட்ல ஒரு ஃபார்முலாவும் இன்னொண்ணுல இன்னொண்ணும் இருந்தா 9ஐ 20 ஆக்கிடும், நான் இந்தக் கூத்த நேர்லயே பாத்திருக்கேன். இன்னொண்ணு, ஸ்டாண்டர்ட் (பாஸ்பரஸ் அளவு தெரிஞ்ச கரைசல்) வெறும் தண்ணில போடறீங்களா, பைகார்பனேட்லயே போடறீங்களா? சாம்பிள்ல இருக்கற உப்பும் ஆசிடும் ஸ்டாண்டர்ட்லயும் இருக்கணும், இல்லன்னா ஸ்டாண்டர்ட வச்சு வரையற கர்வ் ஒரு பக்கம் சாம்பிள் ஒரு பக்கம். கலரிமீட்டர ஆன் பண்ணி எவ்ளோ நேரம் கழிச்சு ரீடிங் எடுக்கறீங்க? பம்ப்செட் எல்லாம் ஓடற நேரத்துல எங்க ஏரியால வோல்டேஜ் எறங்கும், பல்பு மங்கும், ஸ்டெபிலைசர் இல்லாத கலரிமீட்டர் அன்னைக்கு என்ன காட்டுதோ அதான்.


வெண்ணாத்தங்கரை:

அண்ணா பாஸ்பரஸ்தான், பிபிஎம்ம (பத்து லட்சத்துல எத்தன பங்கு) 2.24ஆல பெருக்கி ஹெக்டேருக்கு கிலோ ஆக்கறேன், ஒரே ஷீட்தான். ஸ்டாண்டர்ட் பைகார்பனேட்லதான். ஸ்டெபிலைசர் இருக்கு, இருபது நிமிஷம் ஆன்ல வச்சிட்டுதான் எடுப்பேன். ஸ்டாண்டர்ட் கர்வ் தினமும் நேர்கோடா அழகா வருது, அதான் கடுப்பு.


ரிட்டயர்டு லேப் ஆளு:

ஏம்மா, நான் மண் பரிசோதனை நிலையத்துல லேப் அசிஸ்டென்டா இருந்து ரிட்டயர் ஆனவன், கெமிஸ்ட் இல்ல. பாட்டில் கழுவுனவன் என்ன சொல்லிடப் போறான்னு நெனைக்காம கேளு.

கர்வ் நேரா வருதுன்னு சொன்ன பாரு, அதுலயே பாதி வெடை இருக்கு. அப்போ மாலிப்டேட்டு, அஸ்கார்பிக்கு, மெஷினு, ஒன் கை, நாலும் சரி. கைட் சொன்னத இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடு. கோளாறு கலருக்கு முன்னாடி, ஆட்டி வடிகட்டற எடத்துல இருக்கு. மாலிப்டேட்ட மாத்துனதெல்லாம் வீண் செலவு.

மொதல்ல ஒரு கணக்கு பாரு. 9க்கும் 24க்கும் வித்தியாசம் 15 கிலோ. 2.24ஆல வகுத்தா 6.7 பிபிஎம். நீ எடுக்கற 5 மில்லில கால் கிராம் மண்ணோட சத்துதான் இருக்கு. அப்போ ஒன் 25 மில்லி பிளாஸ்க்குல 9ஐ 24 ஆக்கறதுக்கு எவ்ளோ பாஸ்பரஸ் வேணும்? 1.7 மைக்ரோகிராம். மொத்த 50 மில்லி பாட்டில்லயே 17 மைக்ரோகிராம். டிஏபில அஞ்சுல ஒரு பங்கு பாஸ்பரஸ்னு வச்சுக்கிட்டா ஒரு குருணைல நூத்துல ஒரு பங்கு ஒட்டிக்கிட்டு வந்தாலே ஒன் வயலு குறைவுலேர்ந்து அதிகத்துக்குப் போயிடும். இவ்ளோ நுணுக்கமான வேலைய நீ எத வச்சு பண்ற, சிட்டிகை வச்சு. சிட்டிகைங்கறது அளவாம்மா? காலைல ஒன் சிட்டிகை வேற, மதியம் அவசரத்துல போடற சிட்டிகை வேற.

நான் கரியத்தான் சந்தேகப்படறேன். ஆக்டிவேட்டட் கரில பாஸ்பேட்டு இருக்கும், நல்லா ஆசிட் விட்டுக் கழுவாததா இருந்தா நெறையவே இருக்கும். எங்க ஆபீசர் புது கரி டப்பா வந்தா அதத் தனியா சோதிக்காம ஸ்டோர் ரிஜிஸ்டர்லயே ஏத்த விட மாட்டாவோ. ஆனா நான் சொல்றேன்னு கரிய மட்டும் மாத்திடாத, மாத்துனா மறுபடி அதே கதைதான், நல்லா வந்தா ஏன் வந்துச்சுன்னு தெரியாது, வராட்டி ஏன் வரலன்னும் தெரியாது. கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா தலைப்புலேர்ந்து வாய்க்கா ஓரமா நடந்து வந்து எந்த எடத்துல ஒடப்புன்னு பாப்போம்ல, அந்த மாதிரி பண்ணு. மண்ணே வேணாம். ஒரு பிளாஸ்க்ல வெறும் டிஸ்டில்டு வாட்டரும் கலர் ரீஏஜென்டும். அடுத்ததுல பைகார்பனேட்டு, ஆசிட்டு, கலர். அதுக்கடுத்து பைகார்பனேட்ட ஆட்டற பாட்டில்ல ஊத்தி ஆட்டிட்டு கலர். அடுத்தது அதயே ஃபில்டர் பேப்பர்ல வடிச்சு. கடைசியா கரியும் போட்டு ஆட்டி வடிச்சு. அஞ்சையும் வரிசையா நிக்க வச்சு பின்னாடி வெள்ளைப் பேப்பர் வச்சுப் பாரு. எதுல நீலம் ஆரம்பிக்குதோ அதுதான் ஆளு. மெஷின் கூட வேணாம், கண்ணே சொல்லிடும்.

பாட்டில எதுல கழுவறாங்கன்னும் பாரு. சோப்புப் பவுடர்ல பாஸ்பேட் இருந்தா செவுத்துல ஒட்டிக்கும், எத்தன தண்ணி ஊத்தினாலும் போகாது. ஓல்சன் பாட்டில் எல்லாம் தனி, அத நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல ஊற வச்சு டிஸ்டில்டு வாட்டர்ல அலசணும், மத்த பிராக்டிகல் பாட்டிலோட கலக்கவே விடக்கூடாது.

அப்பறம் ஒண்ணு கேக்க விட்டுப் போச்சு. மண்ண எதுல கொண்டு வந்தீங்க, எதுல பரப்பிக் காய வச்சீங்க? உரச் சாக்கா?


வெண்ணாத்தங்கரை:

ஐயா 1.7 மைக்ரோகிராம்னு படிச்சதும் கொஞ்ச நேரம் அப்டியே உக்காந்துட்டேன். யாருமே இத இப்டி கணக்குப் போட்டுச் சொன்னதில்ல.

மண்ணு துணிப்பைலதான் வந்துச்சு, நிழல்ல நியூஸ்பேப்பர் மேலதான் காஞ்சுச்சு. ஆனா ரெண்டு ஊருலேர்ந்து விவசாயிங்களே எடுத்து அனுப்பின சாம்பிள் மட்டும் எதுல வந்துச்சுன்னு கேக்கணும். பாட்டில் கழுவறது எங்க லேப் அக்கா, எல்லாத்துக்கும் ஒரே சோப்பு, ஒரே தொட்டி. நாளைக்கே அஞ்சு பிளாஸ்க் வரிசை பண்ணிப் பாத்துட்டு வரேன்.


பியூரெட் ராணி:

தங்கச்சி, நான் நாகப்பட்டினம். உன் பதிவ படிச்சதும் என் எம்ஃபில் நாள் எல்லாம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

எனக்கு இதே ரத்தக்கொதிப்ப குடுத்தது வாக்லி-பிளாக் கார்பன். 1934ல வந்த முறை, டைக்ரோமேட்டும் கான்சென்ட்ரேட்டட் சல்பியூரிக் ஆசிட்டும் போட்டு மிச்சம் இருக்கற டைக்ரோமேட்ட ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டால டைட்ரேட் பண்றது. வேதாரண்யம் பக்கம் எடுத்த மண்ணு, பாத்தாலே தெரியும் அதுல ஒண்ணும் இல்லன்னு, வெளுத்துப் போயி கிடக்கும். ரிசல்ட்டு பாத்தா தோப்பு மண்ணு ரேஞ்சுக்கு கார்பன் காட்டுது. எல்லாரும் என் பியூரெட்ட சந்தேகப்பட்டாங்க, நானே என் கண்ண சந்தேகப்பட்டேன். கடைசில பாத்தா உப்பு. மண்ணுல இருக்கற குளோரைடும் டைக்ரோமேட்ட தின்னுடும், அத எல்லாம் நம்ம கார்பன் கணக்குல எழுதிக்கிட்டு இருக்கோம். ஆசிட்ல சில்வர் சல்பேட் சேத்ததும் குளோரைடு அப்படியே படிஞ்சு ஒதுங்கிடுச்சு, கார்பன் தரைக்கு வந்துச்சு. இது புஸ்தகத்துலயே இருக்கற விஷயம், ஆனா எங்க லேப் மேனுவல எழுதினவருக்கு கடலோர மண்ணப் பத்தின நெனப்பே இல்ல போல.

அதனால சொல்றேன், லேப்ல ஒட்டி வச்சிருக்கற அந்த ஒரு பக்க ஜெராக்ஸ நம்பாத. யாரோ யாருக்கோ எழுதினத யாரோ சுருக்கி எழுதினது அது. "ஒரு சிட்டிகை கரி"ன்னு வந்ததே அப்படித்தான் இருக்கும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு எஃப்ஏஓ-வோட குளோசோலான், அதாவது உலக மண் லேப் கூட்டமைப்பு, ஓல்சனுக்கு முழு செய்முறை போட்டிருக்கு, இலவசமா எறக்கிக்கலாம், அதுல எடை, வெப்பநிலை எல்லாம் தெளிவா இருக்கும், அத ஒரு தடவ வரி வரியா படி.

உன் ஒருத்திக்கு மட்டும் இது நடக்கலம்மா. 2016ல நேச்சர் பத்திரிகை 1,576 ஆராய்ச்சியாளர்கிட்ட கேட்டப்போ, நூத்துல 70 பேருக்கு மேல அடுத்தவங்க எக்ஸ்பெரிமெண்ட்ட திரும்பப் பண்ணிப் பாத்து வரலன்னு சொன்னாங்க, பாதிக்கு மேல தங்களோடதே தங்களுக்கு வரலன்னு ஒத்துக்கிட்டாங்க. அத கைட் டேபிள்ல பிரிண்ட் எடுத்து வைக்கலாம், வைக்கத் தைரியம் இருந்தா.


ஆலை கெமிஸ்ட்:

எல்லாரும் நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க, ஆனா ஒரு அடிப்படை விஷயத்த யாரும் கேக்கல. மேடம், உங்ககிட்ட செக் சாம்பிள் இருக்கா?

நான் சர்க்கரை ஆலை லேப்ல இருக்கேன். எங்களுக்கு மண்ணு இல்ல, ஜூஸு, ஆனா பொழப்பு ஒண்ணுதான். எந்த ஒரு பேட்சையும் தெரிஞ்ச சாம்பிள் ஒண்ணு கூட இல்லாம ஓட்ட மாட்டோம். நீங்க ஏதாவது ஒரு வயல்லேர்ந்து ஒரு அஞ்சாறு கிலோ மண்ணு எடுங்க, நிழல்ல காய வச்சு, மரக்கட்டையால தட்டி, 2 மில்லிமீட்டர் சல்லடைல சலிச்சு, நாலா பிரிச்சு கலக்கி கலக்கி ஒரே சீரா ஆக்கி மூடி வைங்க. இனிமே எந்த நாள் என்ன பண்ணாலும் அதுலேர்ந்து 2.5 கிராம், கூடவே ஒரு பிளாங்க். அந்த மண்ணோட நம்பர தினமும் கிராஃப் ஷீட்ல ஒரு புள்ளி வைங்க. 1924ல ஷூஹார்ட்னு ஒருத்தர் டெலிபோன் சாமான் செய்யற ஃபேக்டரிக்காக போட்ட கன்ட்ரோல் சார்ட்தான் இது, நூறு வருஷம் ஆச்சு, இன்னைக்கும் இத விட்டா வேற வழி இல்ல. சராசரிலேர்ந்து ரெண்டு சிக்மா (அதே ஸ்டாண்டர்ட் டீவியேஷன்தான்) தாண்டினா முழிச்சுக்கங்க, மூணு தாண்டினா அன்னைக்கு எடுத்த எல்லா ரீடிங்கையும் ஓரங்கட்டுங்க.

இது இருந்திருந்தா "மதியம் ஏறுது"ங்கறது மண்ணோட குணமா, லேபோட குணமான்னு என்னைக்கோ தெரிஞ்சிருக்கும். ஒரு தடவ கரண்ட் போச்சா, சோப்பு மாறுச்சா, புது டப்பா திறந்தீங்களா, அன்னைக்குப் புள்ளிக்குப் பக்கத்துலயே பென்சில்ல எழுதுங்க. நோட்டுல தனியா எழுதினா யாரும் திருப்பிப் பாக்க மாட்டாங்க, நீங்களே பாக்க மாட்டீங்க.

டப்பாலேர்ந்து ஸ்பூன்ல மேலாக எடுக்காதீங்க. நைசா இருக்கறது அடிக்கு எறங்கிடும், காலைல எடுத்தது மேல் மண்ணு, மதியம் எடுத்தது கீழ் மண்ணுன்னு ஆயிடும். டெல்டா களி மண்ணு காஞ்சா கட்டி கட்டியா இருக்கும், அத முழுசா தட்டாம சலிச்சிட்டு மேல நிக்கற கட்டிய தூக்கிப் போட்டாலும் சாம்பிள் மாறிடும்.

சீனியரோட 0.2 பத்தி நீங்க எழுதல, நான் எழுதறேன். மூணு ரீடிங் எடுத்து ஒத்துப் போற ரெண்ட வச்சுக்கிட்டா யாருக்கு வேணா 0.2 வரும்.


கரி வேண்டாம் கட்சி:

ஏங்க இவ்ளோ கஷ்டம்? கரியவே விட்டுடுங்க. அது எதுக்குப் போடறோம், மண்ணுலேர்ந்து எறங்கற டீத்தண்ணி கலர எடுக்க. அஸ்கார்பிக் ஆசிட் முறைல 882 நானோமீட்டர்ல படிச்சா அந்த மஞ்சள் பழுப்பு கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. நெறைய லேப்ல கரிய எப்பவோ நிறுத்தியாச்சு.


ரிட்டயர்டு லேப் ஆளு:

தம்பி, அந்தப் புள்ளைகிட்ட இருக்கறது ஃபில்டர் போட்ட கலரிமீட்டரு, 660. 882க்கு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், அந்தப் பெரிய மெஷின் வேணும். நம்ம பக்கத்து களி, அதுவும் எரு போட்ட வயலு, பைகார்பனேட்ல ஆட்டுனா கஷாயம் மாதிரி எறங்கும், 660ல அதுவும் சேந்து படிக்கும். கரி இல்லாம பண்ணணும்னா ஒவ்வொரு சாம்பிளுக்கும் மாலிப்டேட் விடாம ஒரு ரீடிங் எடுத்துக் கழிக்கணும், வேலை ரெட்டிப்பு. ஸ்பெக்ட்ரோ கெடைச்சா நீ சொல்றதுதான் சரி, நான் இல்லங்கல.


வெண்ணாத்தங்கரை:

வந்துட்டேன். அஞ்சு பிளாஸ்க் வரிசை வச்சேன். முதல் ரெண்டும் சுத்தம். பாட்டில்ல ஆட்டினதுல ரொம்ப லேசா, பேப்பர் பின்னாடி வச்சுப் பாத்தாத்தான் தெரியற அளவுக்கு, அது சோப்பாத்தான் இருக்கும். ஃபில்டர் பேப்பர் புதுசா ஒண்ணும் சேக்கல. கடைசி, கரி. ஐயா, நீலம்னா நீலம். ஸ்டாண்டர்ட் வரிசைல கொண்டு போயி நிக்க வச்சா நடுவுல நிக்குது.

சும்மா இருக்க முடியாம இன்னொண்ணும் பண்ணேன். கரிய தராசுல எடை போட்டு கால் கிராம், அரை கிராம், ஒரு கிராம்னு மூணு பாட்டில். மூணும் படிக்கட்டு மாதிரி ஏறுது. அப்பறம் கண்ண மூடிக்கிட்டு எப்பவும் போடற மாதிரி சிட்டிகை எடுத்து ஒவ்வொண்ணையும் எடை போட்டேன், ஒண்ணுக்கொண்ணு மூணு மடங்கு வரைக்கும் வித்தியாசம். பிளாங்க் ஏன் ஒரு நாள் இருந்துச்சு ஒரு நாள் இல்லன்னு இப்ப புரியுது.

கரிய பைகார்பனேட்லயே போட்டு ஆட்டி, வடிச்சு, வடிச்ச தண்ணிய கலர் பண்ணிப் பாத்து, நீலம் நிக்கற வரைக்கும் திருப்பித் திருப்பிக் கழுவி, டிஸ்டில்டு வாட்டர்ல அலசி ஓவன்ல காய வச்சேன். ஒரு முழு நாள் போச்சு, கை மூஞ்சியெல்லாம் கரி, லேப் அக்கா பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவங்ககிட்ட சோப்பு விஷயத்தச் சொல்லி ஓல்சன் பாட்டிலுக்கு ஒரு ஆசிட் வாளி தனியா வச்சாச்சு, மூடில சிவப்பு டேப் ஒட்டி.

இப்ப பிளாங்க் பிளாங்க்காவே இருக்கு. ஆலை கெமிஸ்ட் சார் சொன்ன மாதிரி செக் மண்ணும் ஒண்ணு ரெடி பண்ணிட்டேன். காலைல அஞ்சு பாட்டில் ஒண்ணா ஓட்டினா 8.6லேர்ந்து 9.3க்குள்ள நிக்குது. அழுகையே வந்துச்சு.

ஆனா. மதியம் இன்னமும் ஏறுது. 24 இல்ல, 16, 17. மேல கீழ குதிக்கல, அழகா அஞ்சும் ஒத்துப் போயி 16லயே நிக்குது. பிளாங்க் அப்பவும் சுத்தம். இது என்ன புது சனியன்?


குடவாசல்காரன்:

சூப்பர் மேடம், பாதி கிணறு தாண்டியாச்சு. குதிக்காம ஒரே எடத்துல நிக்குதுன்னா இது கலப்படம் இல்ல, நிலைமை மாறுது. உங்க லேப் மேல என்ன, காங்கிரீட்டா ஷீட்டா? ஒரு தெர்மாமீட்டர எடுத்து ஷேக்கர் பக்கத்துல வைங்க. ஓல்சன் பைகார்பனேட் சூட்டுக்கு ரொம்ப ரோஷக்காரன். கிலோவுக்கு 5லேர்ந்து 40 மில்லிகிராம் வரைக்கும் உள்ள மண்ணுல, 20லேர்ந்து 30 டிகிரிக்குள்ள ஒவ்வொரு டிகிரி ஏற ஏற சுமார் 0.43 மில்லிகிராம் கூட வரும்னு சொல்றாங்க. உங்க 2.24 போட்டா டிகிரிக்கு ஹெக்டேருக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ! சித்திரை வெயில்ல காலைக்கும் மதியத்துக்கும் எவ்ளோ வித்தியாசம் இருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க.


ரிட்டயர்டு லேப் ஆளு:

சூட்ட மட்டும் சொல்லி விட்டுடாத தம்பி. பைகார்பனேட்ட எதுல வச்சிருக்கம்மா? வாய் தொறந்த பாத்திரத்துல இருந்தா கார்பன் டை ஆக்சைடு போயி பிஹெச் தானா 8.5 தாண்டி ஏறும், ஏறினா பாஸ்பரஸ் கூட எறங்கும். காலைல போட்டு மதியம் வரைக்கும் தொறந்து கெடந்தா அதுவும் ஒரு காரணம். எங்க பக்கம் பாலிதீன் கேன்ல, மூடி இறுக்கமா, தேவைக்கு மட்டும் கலக்கறது.


வெண்ணாத்தங்கரை:

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தெர்மாமீட்டர் வச்சேன், காலைல 28, மதியம் 35. பைகார்பனேட் பெரிய பீக்கர்ல, மேல வாட்ச் கிளாஸ் மட்டும். இப்ப பிஹெச் பாத்தா 8.8. ரெண்டுமே மாட்டுது, இப்ப எது எவ்ளோன்னு எப்டி பிரிக்கறது?


ஆலை கெமிஸ்ட்:

செக் மண்ணு இருக்குல்ல, அதான் இப்ப சோறு போடும். ஒரே மதியம், நாலு செட். காலைல கலந்து தொறந்து வச்ச பைகார்பனேட், அப்பதான் கலந்து 8.5 வச்ச பைகார்பனேட், ரெண்டையும் 35லயும் ஆட்டுங்க, 28லயும் ஆட்டுங்க. 28 எப்டி வரும்னு கேக்காதீங்க, ஷேக்கர எந்த ரூம் குளுமையோ அங்க தூக்கிட்டுப் போங்க. கரைசலையும் அந்த ரூம்லயே ஒரு மணி நேரம் முன்னாடி வச்சு ஆற விடுங்க, சூடான கரைசல குளுந்த ரூம்ல ஆட்டினா அதுக்கு அர்த்தம் இல்ல. நாலு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா யாரு எவ்ளோன்னு தெரிஞ்சிடும்.


வெண்ணாத்தங்கரை:

எங்க பில்டிங்ல ஏசி இருக்கறது ஹெச்ஓடி ரூம்ல மட்டும் சார் 😭 அங்க ஷேக்கர கொண்டு போனா என்ன வெளிய தூக்கிப் போட்டுடுவாங்க.


பியூரெட் ராணி:

ஹெச்ஓடிகிட்ட போகாத. கம்ப்யூட்டர் லேப்ல ஏசி ஓடும், லஞ்ச் நேரத்துல அங்க இருக்கற சிஸ்டம் அட்மின்கிட்ட நல்லா பேசு. நாங்க அப்டித்தான் பண்ணோம், ஆனா பைகார்பனேட் மட்டும் கீபோர்ட் பக்கம் சிந்திடாத. நாலு செட்ட முடிச்சிட்டு நம்பர இங்க போடு, எனக்கும் தெரிஞ்சுக்கணும், வர்ற தாளடி சாம்பிளுக்கு நானும் இதே முறைதான் ஓட்டப் போறேன்.


ரிட்டயர்டு லேப் ஆளு:

பிரிச்சுப் பாத்து முடிக்கற வரைக்கும் உண்மையான சாம்பிள் எதையும் மதியம் ஓட்டாத, காலைல ஏழு மணிக்கு வந்து பத்துக்குள்ள முடிச்சுக்க. நான் இருந்த லேப்ல ஏசி வந்ததே கடைசிலதான், அது வரைக்கும் கோடைல நாங்க அப்படித்தான் ஓட்டுனோம். விவசாயிங்க அனுப்பின அந்த ரெண்டு ஊரு சாம்பிளும் உரச் சாக்குல வந்திருந்தா தனியா எடுத்து வை, அத எத்தன தடவ பண்ணாலும் ஒண்ணும் வராது, மறுபடி வயலுக்குப் போயி எடுக்கறதுதான் வழி.


வெண்ணாத்தங்கரை:

விசாரிச்சுட்டேன் ஐயா. ஒரு ஊரு யூரியா சாக்கு, அதுல பாஸ்பரஸ் இல்லன்னாலும் நைட்ரஜனுக்கு ஆகாது. இன்னொரு ஊரு டிஏபி சாக்கேதான். "நல்லா ஒதறிட்டுத்தாம்மா போட்டேன்"ங்கறாரு. ஞாயித்துக்கிழமை மண்வெட்டியோட நானே போறேன்.